தைமஸ்: "வேலையில்லாத" உறுப்பும் டி செல்களின் கதையும்

நெஞ்சின் நடுவில் கையை வைத்துப் பாருங்கள். அங்கே இருக்கும் எலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. குழந்தையாக இருக்கும்போது நன்றாகப் பெரிதாக இருக்கும். வயசுக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, முதுமையில் பெரும்பகுதி வெறும் கொழுப்பாகிவிடும். இந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்பது 1961 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 1961 என்பது யூரி ககாரின் விண்வெளிக்குப் போய்த் திரும்பி வந்த வருடம். பூமியைச் சுற்றிவர ஆளை அனுப்பத் தெரிந்த மனிதனுக்கு, தன் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் ஒரு சதைத் துண்டுக்கு என்ன வேலை என்று தெரியவில்லை.

பி.காம். படிக்கிற ஆளுக்கு தைமஸ் எதற்கு, ஒழுங்காகக் காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கலாமே என்று நம் வகுப்பு மக்கள் கேட்பார்கள், தெரியும். காரணம் இருக்கிறது. இந்தக் கதையில் ஒரு சாம்பிளிங் தவறு வருகிறது. நாம் புள்ளியியல் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்து மறந்துபோகும் விஷயம், நிஜ உலகத்தில் குழந்தைகளின் உயிரோடு விளையாடியிருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டி செல் அப்புறம்தான் வரும்.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மருத்துவக் கல்லூரிகள் பெருகின. மாணவர்கள் அறுத்துப் படிக்கப் பிணங்கள் வேண்டும். பிணங்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி, சப்ளையோ குறைவு. சப்ளை குறைந்தால் கள்ள மார்க்கெட் வரும் என்று பொருளாதாரம் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இடுகாட்டில் புதைத்த உடல்களை இரவோடு இரவாகத் தோண்டி எடுத்து விற்றார்கள். 1828இல் எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்ற இரண்டு பேர் தோண்டும் சிரமம்கூட எதற்கு என்று 16 பேரைக் கொன்றே விற்றிருக்கிறார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1832இல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டு வந்தது. அனாதை விடுதிகளிலும் ஏழை விடுதிகளிலும் இறந்து, யாரும் உரிமை கோராத உடல்களை மருத்துவக் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளலாம் என்றது சட்டம். ஆக, திருட்டு வழியில் வந்தாலும் சட்டப்படி வந்தாலும், அறுவை மேஜைக்கு வந்தது பெரும்பாலும் ஏழையின் உடல்தான்.

இதில் என்ன பிரச்சினை? நீண்ட பட்டினி, தீராத நோய், ஓயாத மன அழுத்தம் இவையெல்லாம் உடலில் ஒருவகை ஸ்டீராய்டு ஹார்மோனைக் கூட்டும். அந்த ஹார்மோன் தைமஸைச் சுருக்கிவிடும். ஏழையின் தைமஸ் சிறியதாக இருந்தது அதனால்தான். ஆனால் மருத்துவர்கள் பார்த்ததெல்லாம் அப்படிப்பட்ட தைமஸ் மட்டுமே என்பதால், அதுதான் சரியான அளவு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. நன்றாக இருந்த குழந்தை தொட்டிலிலேயே திடீரென்று இறந்துபோவது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் நடந்திருக்கிறது. அப்படி இறந்த குழந்தைகளை அறுத்துப் பார்த்தபோது தைமஸ் "பெரிதாக" இருந்தது. நோயில் கிடந்து வாடாமல் திடீரென்று போன குழந்தை என்பதால் அதன் தைமஸ் சுருங்கவே இல்லை, இயல்பான அளவில் இருந்தது. ஆனால் மருத்துவர்கள், வீங்கிய தைமஸ் மூச்சுக்குழாயை அழுத்திக் கொன்றுவிட்டது என்றார்கள். 1889இல் வியன்னாவைச் சேர்ந்த பால்டாஃப் இதற்கு ஒரு நீளமான லத்தீன் பெயரே வைத்தார். பெயர் வைத்த பிறகு அது பாடப்புத்தகத்தில் ஒரு நோயாகவே ஏறிவிட்டது.

எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். 1907இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஃப்ரீட்லேண்டர் என்ற மருத்துவர் ஒரு குழந்தையின் தைமஸை எக்ஸ்ரே கதிர் பாய்ச்சிச் சுருக்கினார். சிகிச்சை வெற்றி! தைமஸ் சுருங்கியது உண்மைதானே. அதன் பிறகு பல பத்தாண்டுகள், முன்னெச்சரிக்கை என்ற பெயரில் ஆரோக்கியமான கைக்குழந்தைகளின் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பக்கத்திலேயே தைராய்டு சுரப்பி இருக்கிறது. அந்தக் கதிர் அதன் மேலும் பட்டது.

1931இல் பிரிட்டனில் இதற்கென்றே அமைத்த ஒரு குழு, திடீரென்று இறந்தவர்களின் தைமஸ்களை எடைபோட்டுப் பார்த்து, அப்படி ஒரு நோயே கிடையாது என்று எழுதிவிட்டது. அதற்குப் பிறகும் அமெரிக்காவில் சிகிச்சை நிற்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் பகுதியில் 1926 முதல் 1957 வரை இப்படிக் கதிர்வீச்சு பெற்ற ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிற்காலத்தில் தொடர்ந்து கவனித்தார்கள். தைராய்டு புற்றுநோய் அதிகம். பெண் குழந்தைகள் வளர்ந்த பிறகு அவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் அதிகம். இல்லாத நோய்க்குச் செய்த வைத்தியத்தால் வந்த நோய்கள் இவை. 1931 அறிக்கையைப் படித்த பிறகும் கருவியை இயக்கிய மருத்துவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்கு முந்தியவர்களுக்காவது "தெரியாது" என்ற சாக்கு உண்டு.

சரி, இனி டி செல்.

நம் ரத்தத்தில் லிம்போசைட் என்று ஒருவகை வெள்ளையணு உண்டு. 1950கள் வரை இவற்றுக்கும் பெரிய மரியாதை கிடையாது. சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், சில நாளில் செத்துப்போகும் என்று நினைத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கவன்ஸ் எலிகளின் நிணநீர்க் குழாயைத் திருப்பிவிட்டுச் செய்த சோதனைகளில், இவை ரத்தத்திலிருந்து நிணநீருக்கும் நிணநீரிலிருந்து ரத்தத்துக்கும் திரும்பத் திரும்பப் பயணம் செய்கின்றன என்று 1959 வாக்கில் காட்டினார். பிறகு நோய் எதிர்ப்பைச் செய்வதே இவைதான் என்பதையும் காட்டினார். தைமஸ் முழுக்க லிம்போசைட்தான். ஆனால் அங்கே இருப்பவை வேலை எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. போதாததற்கு ஏராளமானவை அங்கேயே செத்துக் கிடந்தன. அதனால் தைமஸ் என்பது லிம்போசைட்களின் சுடுகாடு என்று ஒரு கருத்து இருந்தது.

வளர்ந்த எலியிடமிருந்து தைமஸை எடுத்துப் பார்த்தார்கள், எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. எடுத்தாலும் ஒன்றும் ஆகாத உறுப்புக்கு வேலை இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை ஒரு நாள் லீவு போட்டும் கடை ஓடியது என்பதால் அவர் வேண்டாம் என்று முடிவு செய்வது மாதிரி இது. அவர் ஏற்கெனவே எழுதி வைத்த பேரேட்டில்தான் கடை ஓடுகிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

இங்கேதான் ஜாக் மில்லர் வருகிறார். 1931இல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தவர். சிறுவயதில் ஷாங்காயில் வளர்ந்து, உலகப் போர் நெருங்கியபோது 1941இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குத் தப்பியவர். அக்காவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். சிட்னியில் மருத்துவம் முடித்துவிட்டு 1958இல் ஆராய்ச்சிக்காக லண்டன் போனார். செஸ்டர் பீட்டி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. ஆனால் அவருக்கு ஒதுக்கிய இடம் லண்டனிலேயே இல்லை. ஊருக்கு வெளியே கிராமத்தில், குதிரை லாயத்தை மாற்றி எலிக்கூடுகள் வைத்திருந்த ஒரு கிளை.

அவர் தைமஸைப் பற்றி ஆராயப் போகவில்லை. போனது ரத்தப் புற்றுநோய்க்காக. எலிகளுக்கு லுகேமியா வரவழைக்கும் ஒரு வைரஸ் இருந்தது. பிறந்த குட்டிக்குச் செலுத்தினால்தான் பிடிக்கும், வளர்ந்த எலிக்குப் பிடிக்காது. நோய் தைமஸில்தான் ஆரம்பிக்கும். பிறந்த குட்டியின் தைமஸில்தான் அந்த வைரஸ் பெருகுகிறதோ என்று மில்லருக்குச் சந்தேகம். சோதிக்க ஒரே வழி, பிறந்தவுடனே தைமஸை எடுத்துவிட்டு வைரஸைக் கொடுத்துப் பார்ப்பது. பிறந்த எலிக்குட்டி எவ்வளவு பெரிது தெரியுமா? நம் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதன் நெஞ்சைத் திறந்து தைமஸை உறிஞ்சி எடுத்து, மறுபடி மூடி, தாயெலி அதைத் தின்றுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதையும் செய்தார்.

குட்டிகள் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தன. பால் மறந்த பிறகு மெலிந்தன, வயிற்றுப்போக்கு வந்தது, பல செத்தன. வைரஸ் கொடுத்த குட்டிகள் மட்டும் அல்ல, வைரஸே கொடுக்காத குட்டிகளும் அப்படியே செத்தன. நம்மில் பலர் இந்த இடத்தில் "ஆபரேஷன் சரியில்லை போல" என்று விட்டிருப்போம். மில்லர் அறுத்துப் பார்த்தார். ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் லிம்போசைட்கள் மிகக் குறைவாக இருந்தன.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. தைமஸ் இல்லாத எலியின் மேல் வேறு இன எலியின் தோலை ஒட்டவைத்தார். சாதாரணமாக ஒட்டிய தோலை உடல் சில நாட்களில் கருக்கித் தள்ளிவிடும். இந்த எலிகளோ ஏற்றுக்கொண்டன. வேறு நிறத் தோல் அப்படியே நிலைத்து, அதில் முடியும் வளர்ந்தது. சுண்டெலிக்குப் பெருச்சாளி வகை எலியின் தோலை ஒட்டினாலும் சில எலிகளில் பிடித்துக்கொண்டது. எது தன் உடல், எது அந்நியம் என்று பார்க்கும் கண்ணே அந்த எலிகளுக்கு இல்லை. 1961 செப்டம்பர் 30 தேதியிட்ட லான்செட் இதழில் சின்னதாக ஒரு கட்டுரை வந்தது. தைமஸின் வேலை, பிறந்த புதிதில் நோய் எதிர்ப்புச் செல்களை உருவாக்கி அனுப்புவது என்று எழுதினார். வளர்ந்த எலிக்கு ஒன்றும் ஆகாததன் காரணமும் இதில் அடங்கிவிட்டது. அதற்குள் தேவையான செல்களைத் தைமஸ் அனுப்பி முடித்திருக்கும். (கணக்குப்பிள்ளையின் பேரேடு!)

உடனே உலகம் கைதட்டியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? குதிரை லாயத்து எலிகள், அழுக்கில் தொற்று வந்து செத்திருக்கும் என்றார்கள். 1960இல் நோபல் பரிசு வாங்கிய பீட்டர் மெடவார், தோல் ஒட்டு ஆராய்ச்சியின் தலைமகன், 1963இல்கூட தைமஸில் லிம்போசைட்கள் இருப்பது பரிணாமத்தில் நடந்த ஒரு தற்செயல், அதற்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை என்ற பொருளில் எழுதினார். மில்லர் அமெரிக்கா போய்க் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளில் அதே அறுவையைச் செய்து காட்டினார். அந்த எலிகள் மெலியவில்லை, சாகவில்லை. ஆனால் அந்நியத் தோலை அப்போதும் ஏற்றுக்கொண்டன. அழுக்குதான் காரணம் என்ற வாதம் அதோடு முடிந்தது. அதே காலத்தில் மினியாபொலிஸில் ராபர்ட் குட் குழுவினரும் வேறு வழியில் இதே முடிவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்கு இணையாக ஒரு கோழிக் கதை ஓடுகிறது. கோழியின் குடல் முடிவில் பர்சா என்று ஒரு சிறு பை உண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் க்ளிக் என்ற மாணவர், இது எதற்கு என்று பார்ப்பதற்காகச் சில கோழிகளிடமிருந்து அதை எடுத்திருந்தார். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அவருடைய நண்பர் டிமோத்தி சாங்குக்கு ஒரு வகுப்பில், கிருமியைச் செலுத்தினால் கோழி ஆன்டிபாடி உண்டாக்கும் என்று மாணவர்களுக்குச் செய்து காட்ட வேண்டியிருந்தது. கோழி போதவில்லை, க்ளிக்கின் கோழிகளை இரவல் வாங்கினார். வகுப்பில் மானம் போனது, அந்தக் கோழிகளில் ஆன்டிபாடியே இல்லை! கட்டுரையைப் பெரிய பத்திரிகை ஒன்று திருப்பி அனுப்பியது. கடைசியில் 1956இல் கோழி வளர்ப்பு அறிவியலுக்கான ஒரு பத்திரிகையில் வந்தது. எதிர்ப்பு சக்தி ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பத்திரிகையை எங்கே படிக்கப் போகிறார்கள்? பல வருடம் அப்படியே கிடந்தது.

1965இல் மேக்ஸ் கூப்பர், ராபர்ட் குட்டோடு சேர்ந்து இரண்டு நூலையும் முடிந்தார். கோழியில் பர்சாவை எடுத்தால் ஆன்டிபாடி போகிறது. தைமஸை எடுத்தால் அந்நியத் திசுவை விரட்டும் சக்தி போகிறது. ஆக, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் லிம்போசைட்கள் இரண்டு தனித்தனிப் படைகள். 1968இல் மெல்போர்னில் மில்லரும் அவர் மாணவர் கிரஹாம் மிட்செலும் எலியில் ஒரு படி மேலே போனார்கள். தைமஸ் செல் மட்டும் கொடுத்தால் ஆன்டிபாடி வரவில்லை, எலும்பு மஜ்ஜைச் செல் மட்டும் கொடுத்தாலும் வரவில்லை, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வந்தது. ஆன்டிபாடியை உற்பத்தி செய்தது எது என்று பிரித்துப் பார்த்தால் மஜ்ஜையிலிருந்து வந்த செல்தான். தைமஸிலிருந்து வந்தது உற்பத்தி எதுவும் செய்யாமல் பக்கத்தில் நின்று "ஆகட்டும்" என்று உத்தரவு கொடுத்திருக்கிறது. தைமஸ் வழி வந்தது டி செல், பர்சா வழி வந்தது பி செல் என்ற பெயர்கள் அதன் பிறகு நிலைத்தன. நமக்குப் பர்சா கிடையாது. மனிதனில் பி செல் எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது. இங்கிலீஷில் அதற்கும் பி எழுத்துதான் என்பதால் பெயரை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

டி செல் எப்படி எதிரியை அடையாளம் காண்கிறது? ஆன்டிபாடி கிருமியை நேரடியாகப் பிடிக்கும். டி செல் அப்படிப் பிடிக்காது. இதைக் கண்டுபிடித்த கதை 1973–74இல் கான்பராவில் நடக்கிறது. பீட்டர் டோஹர்ட்டி கால்நடை மருத்துவர், ரோல்ஃப் ஸிங்கர்நாகல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மருத்துவர். ஆய்வகத்தில் இட நெருக்கடி, இருவரையும் ஒரே அறையில் போட்டுவிட்டார்கள். எலிக்கு மூளைச் சவ்வுக் காய்ச்சல் வைரஸைக் கொடுத்து அதன் டி செல்களை எடுத்து, அதே வைரஸ் பிடித்த வேறு செல்களோடு கலந்தார்கள். தன் இன எலியின் செல் என்றால் கொன்றது. வேறு இன எலியின் செல்லில் அதே வைரஸ் இருந்தும் தொடவில்லை. வைரஸ் மட்டும் இருந்தால் போதாது, அது தன் இனத்துக்கு உரிய ஓர் அடையாளப் புரதத்தோடு சேர்ந்து தெரிய வேண்டும். இதற்கு 1996இல் நோபல் கிடைத்தது.

அந்த அடையாளப் புரதம் எப்படி இருக்கும் என்று 1987இல் பமீலா பியார்க்மன், டான் வைலி ஆகியோர் படம்பிடித்துக் காட்டினார்கள். புரதத்தின் உச்சியில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு சின்னத் துணுக்கு. நம் உடலின் கிட்டத்தட்ட எல்லாச் செல்லும் உள்ளே தயாராகும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தப் பள்ளத்தில் வைத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கிறது. ரோந்து வரும் டி செல் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகும். சொந்தச் சரக்கு என்றால் பேசாமல் போய்விடும். வைரஸின் துணுக்கு தெரிந்தால் விடாது. ஆடிட்டர் வந்து வவுச்சரைப் பார்ப்பதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆடிட்டர் கடைக்காரரைக் கொல்வதில்லை என்பது மட்டும் வித்தியாசம் :-)

கொல்லுகிற டி செல் சந்தேகப்பட்ட செல்லோடு ஒட்டிக்கொண்டு, அதன் சுவரில் துளை போடும் ஒரு புரதத்தையும், உள்ளே போய்த் தற்கொலையைத் தூண்டும் என்சைம்களையும் செலுத்தும். அந்தச் செல் வெடித்துச் சிதறாமல் ஒழுங்காகச் சுருங்கிச் சாகும். உதவுகிற டி செல் கொல்லாது. பி செல்லுக்கும் மற்றவற்றுக்கும் ரசாயனத் தகவல் அனுப்பி வேலை வாங்கும்.

எந்தக் கிருமி வரும் என்று முன்கூட்டியே தெரியாதே, டி செல் எப்படித் தயாராக இருக்கிறது? டி செல்லின் மேல் இருக்கும் ஏற்பியின் மரபணுவை 1984இல் மார்க் டேவிஸ் குழுவும் டொரண்டோவில் டாக் மாக் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒவ்வொரு டி செல்லும் வளரும்போது தன் மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கி, தனக்கென்று ஓர் ஏற்பியைச் செய்துகொள்கிறது. குலுக்கல் என்றால் என்ன வேண்டுமானாலும் வரலாம். எதற்கும் உதவாதது வரலாம், நம் உடலையே தாக்குவதும் வரலாம். அதை வடிகட்டும் பரீட்சைக் கூடம்தான் தைமஸ். அடையாளப் புரதத்தைப் படிக்கவே தெரியாத செல் ஃபெயில். சொந்தத் துணுக்கைப் பார்த்து ஆவேசப்படும் செல்லும் ஃபெயில். ஃபெயில் என்றால் அரியர் எழுத முடியாது, மரணம்தான். உள்ளே வளரும் செல்களில் நூற்றுக்கு ஐந்துகூட வெளியே வருவதில்லை. அந்தக் காலத்தில் சுடுகாடு என்று சொன்னது ஒருவகையில் சரியான கவனிப்புதான், ஏன் சாகின்றன என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்னொரு ஆச்சரியம். கணையத்தில் மட்டும் சுரக்க வேண்டிய இன்சுலினைக்கூட தைமஸ் கொஞ்சம் தயாரிக்கிறது. சர்க்கரையைக் கட்டுப்படுத்த அல்ல, மாணவனுக்கு மாதிரி காட்ட. "இது நம்ம சரக்கு, இதைத் தாக்கக் கூடாது." உடலின் பல உறுப்புகளின் புரதங்களை இப்படிச் சாம்பிள் காட்ட வைப்பது ஒரே ஒரு மரபணு. அது பழுதானவர்களுக்குச் சொந்தச் சுரப்பிகளையே டி செல்கள் ஒவ்வொன்றாகத் தாக்கும் நோய் வருகிறது.

பரீட்சை பாஸான டி செல்லும் இஷ்டத்துக்குச் சுட முடியாது. காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பார்களே, அது போல. அந்நியத் துணுக்கைப் பார்த்தது முதல் கையெழுத்து. இன்னொரு செல் தரும் "ஆபத்து உண்மைதான்" என்ற சிக்னல் இரண்டாவது. அதற்கு மேல் ஸ்டாப் பேமெண்ட் ஏற்பாடும் இருக்கிறது. வேலை தொடங்கிய டி செல்லின் மேல் பிரேக் மாதிரி சில புரதங்கள் வரும். புற்றுநோய்க் கட்டிகள் இந்தப் பிரேக்கை அமுக்கிப் பிடித்துத் தப்புகின்றன. பிரேக்கை விடுவித்தால் டி செல்லே கட்டியைத் தாக்கும் என்று ஜேம்ஸ் அலிசன் 1996இல் எலியில் காட்டினார். ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ வேறொரு பிரேக்கைக் கண்டுபிடித்திருந்தார். 2011இல் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 2018இல் இருவருக்கும் நோபல். நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, மரபணு மாற்றி, திரும்பச் செலுத்தும் சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய இந்திய வடிவத்துக்கு 2023இல் அனுமதி கிடைத்தது.

உதவுகிற டி செல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் 1981இல் பார்த்தது. அந்த ஜூன் 5ஆம் தேதி அமெரிக்க அரசின் வாராந்திர அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா வந்ததாகச் செய்தி. சாதாரண ஆளை ஒன்றும் செய்யாத கிருமி அது. ரத்தத்தைப் பார்த்தால் உதவுகிற டி செல்கள் காணாமல் போயிருந்தன. எச்.ஐ.வி. நுழைவதே அந்த டி செல்லின் மேல் இருக்கும் சிடி4 என்ற புரதத்தைப் பிடித்துத்தான் என்று 1984இல் தெரிந்தது. இதில் நம் ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு. இந்தியாவில் அந்த நோய் இல்லை, வராது என்று பலர் பேசிக்கொண்டிருந்தபோது, 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆறு பேருக்கு இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. என்று உறுதியானது அப்போதுதான். சாம்பிளே எடுக்காமல் "இங்கே இல்லை" என்று சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

இன்னும் ஒரு வகை பாக்கி இருக்கிறது. சண்டையை அடக்கும் டி செல்கள் உண்டு என்று 1970களில் பெரிய அலை அடித்தது. பிறகு அதற்கு ஆதாரமாகச் சொன்ன மரபணு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று 1980களில் தெரிந்ததும், அந்தப் பேச்சே கெட்ட வார்த்தையாகிவிட்டது. ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சி மட்டும் விடவில்லை. பிறந்து மூன்றாவது நாள் தைமஸை எடுத்தால் எலியின் உடல் தன்னையே தாக்குகிறது என்ற பழைய ஜப்பானியக் கவனிப்பு ஒன்று இருந்தது. தாக்கும் செல் குறைய வேண்டிய இடத்தில் தாக்குதல் ஏன் கூடுகிறது? அடக்கும் செல் அதற்குப் பிறகுதான் தைமஸிலிருந்து வருகிறதோ? 1995இல் அந்தச் செல்லைத் தனியே பிரித்துக் காட்டினார். 2001இல் மேரி ப்ரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் தோல் உரிந்து செத்துப்போகும் ஓர் எலி வகையில் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செல்லுக்கு அதுதான் தலைமைச் சாவி என்று பிறகு தெரிந்தது. 2025 நோபல் மூவருக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்டது. செய்தி வந்த நேரம் ராம்ஸ்டெல் ஃபோன் எடுக்காத மலைக்காட்டில் இருந்தாராம்.

மில்லருக்கும் கூப்பருக்கும் 2019இல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். டி செல்லை வைத்து இத்தனை நோபல் கொடுத்த குழு, அது எங்கிருந்து வருகிறது என்று சொன்ன மனிதருக்கு இத்தனை வருடத்தில் கொடுக்கவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

கடைசியாக மறுபடி தைமஸ். பெரியவர்களுக்கு இதய அறுவை செய்யும்போது வழியில் இடைஞ்சலாக இருக்கிறது என்று தைமஸை எடுப்பது உண்டு. பெரியவர்களுக்குத்தான் அது தேவையில்லையே! 2023இல் பாஸ்டன் மருத்துவர்கள், தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களையும், அதே மாதிரி நெஞ்சு அறுவை செய்தும் தைமஸ் எடுக்கப்படாதவர்களையும் பழைய பதிவேடுகளிலிருந்து ஒப்பிட்டார்கள். ஐந்து வருடத்துக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 8.1 சதவீதம், இரண்டாவது குழுவில் 2.8 சதவீதம். புற்றுநோய் வந்தவர்கள் 7.4 சதவீதம், 3.7 சதவீதம். இது பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, இதுதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை ஒப்பிடுவதற்குச் சரியான இன்னொரு குழுவை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள்.